நாற்பத்தேழாம் நம்பர் வில்லை

என் முட்டாள்தனத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். போன மாதம் கருங்குழியில் ஒரு நண்பர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, என் கைப்பேசியின் ரகசிய எண்ணைத் தப்புத் தப்பாக அழுத்தி, என் போனை விட்டு நானே வெளியே நிற்கும்படி செய்துகொண்டேன். என் பிறந்த தேதி, மனைவியின் பிறந்த தேதி, கல்யாண நாள் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தாயிற்று. கல்யாண நாளைச் சரியாகத்தான் போட்டேனா என்பதில் எனக்கே சந்தேகம், வீட்டில் கேட்கவும் தைரியம் இல்லை. நண்பர் டீ குடித்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தைப் பார்த்ததும், எழுபதுகளில் நான் எப்போதும் சட்டைப்பையில் வைத்திருக்கவேண்டிய, பெரும்பாலும் வைத்திருக்காத ஒரு பித்தளை வில்லை நினைவுக்கு வந்தது. எட்டணா அகலம், மேலே ஓர் ஓட்டை, நடுவில் நாற்பத்தேழு என்று வெட்டிய எண்.

மாமல்லபுரத்துப் பக்கம் கடலோரமாக அப்போது ஒரு பெரிய கட்டுமானம் நடந்துகொண்டிருந்தது. அதன் அலுவலகத்தில் நான் குமாஸ்தா. தினசரி அறிக்கையை டெலக்ஸ் மிஷினில் அடித்து மெட்ராஸ் தலைமை அலுவலகத்துக்கு அனுப்புவது என் வேலை. இங்கே அடித்தால் அங்கே காகிதத்தில் எழுத்தாக விழும். அடித்த விரல் யாருடையது என்று மிஷினுக்குத் தெரியாது. அலுவலகமே பேசியதாகத்தான் அர்த்தம். அதனால் அந்த அறைக்கு ஒரு பூட்டு, ஒரே ஒரு சாவி. சாவிகளெல்லாம் வாசலருகே ஒரு மரப்பலகையில் தொங்கும். பலகைக்குப் பொறுப்பாளரை எல்லோரும் சாவி பாய் என்று கூப்பிடுவோம். என்னைவிட இரண்டு வயது இளையவர். கருங்குழியிலிருந்து செங்கல்பட்டு வந்து, அங்கிருந்து என்னோடு ஆபீஸ் பஸ்ஸில் வருவார். மூன்று வருடமாகத் தற்காலிக வேலை. நிரந்தர உத்தரவு கைக்கு வந்தபிறகுதான் நிக்காஹ் தேதி என்று திருப்போரூர் பெண் வீட்டார் சொல்லிவிட்டிருந்தார்கள்.

அவருடைய ஏற்பாடு எளிமையானது. சாவி வேண்டுமா, உங்கள் வில்லையை அந்தக் கொக்கியில் மாட்டிவிட்டு எடுங்கள். எந்த எண்காரருக்கு எந்த அறை என்பது அவருக்கு மனப்பாடம். பலகையை ஒரு பார்வை பார்த்தால் யார் எந்த அறையில் என்று தெரிந்துவிடும். பெரிய இன்ஜினீயரே ஒருநாள் வெறுங்கையோடு வந்து, திரும்பிப் போய் வில்லையை எடுத்துக்கொண்டு வந்தார். நான் அதைப் பார்த்துச் சிரித்தேன். மறுவாரம் என் வில்லை செங்கல்பட்டு வீட்டில் வேறு சட்டையில் தங்கிவிட்டது.

"பாய், காலையில உன் டப்பாவுல இருந்து பாதி இட்லி தின்னவன் நான். என்னைத் தெரியாதா உனக்கு?"

"எனக்குத் தெரியும் அண்ணாத்த. கொக்கிக்குத் தெரியாது."

அன்றைய அறிக்கை மறுநாள்தான் போயிற்று, எனக்குத் திட்டும் கிடைத்தது. கௌரவம் புண்பட்ட மனிதன் என்ன செய்வான்? சோப்பு வாங்குவான். அரைத் துண்டு சலவை சோப்பை டெலக்ஸ் அறைக்குள் கொண்டுபோய், சாவியை அதில் அழுத்தி அச்செடுத்து, செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் குடைக்கடியில் உட்கார்ந்திருக்கும் பூட்டு ரிப்பேர்க்காரரிடம் கொடுத்தேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்த ஊரில் என்னைவிட ஒரு புத்திசாலி இருந்தார் என்று எழுதியிருப்பேன்.

அதோடு நின்றிருக்கலாம். ஒருநாள் எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் கள்ளச் சாவியால் அறையைத் திறந்து, மெட்ராஸில் மிஷின் பார்க்கும் என் சிநேகிதனைச் சிரிக்கவைக்க ஒரு செய்தி அடித்தேன்: 'என் நாற்காலியில் மூட்டைப்பூச்சி. அவசரம். வேறு நாற்காலி அனுப்பவும்.' கீழே பெரிய இன்ஜினீயரின் பதவிப் பெயர். சிநேகிதன் அன்று லீவு. அவன் இடத்தில் இருந்தவர் கடமை தவறாதவர். மூன்றாம் நாள் வேனில் புது நாற்காலி வந்து இறங்கியது, தங்கள் டெலக்ஸ்படி என்ற கடிதத்துடன். தலைமை அலுவலகம் முழுக்கத் தன் மூட்டைப்பூச்சியைப் பற்றிப் பேசுகிறது என்பது பெரிய இன்ஜினீயருக்கு அன்றுதான் தெரிந்தது.

டெலக்ஸ் காகிதத்தில் செய்தி போன நேரம் பதிவாகியிருந்தது. அந்த நேரத்தில் டெலக்ஸ் சாவி கொக்கியிலேயே தொங்கியதாக, சாவி போய்வரும் நேரத்தைப் பாய் குறித்துவைக்கும் நோட்டு சொன்னது. ஒரே சாவிதான் உண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பவரும் அவரே. ஆக, ஒன்று அவரே திறந்திருக்கவேண்டும், இல்லையேல் அவர் கையெழுத்து பொய். நிரந்தர உத்தரவு, கையொப்பமாகாமல், பெரிய இன்ஜினீயரின் மேஜையில்தான் கிடந்தது. மறுநாள் மாலைக்குள் ஆளைக் காட்டாவிட்டால் அதைக் கிழித்துவிடுவதாகச் சொல்லியனுப்பிவிட்டார்.

பாய் நேராக என் மேஜைக்குத்தான் வந்தார். "எவனோ சாவி பண்ணிகிறான் அண்ணாத்த. தெனம் அந்த ரூமுக்குப் போறவன் நீ. உனுக்கு யார் மேலயாவது டவுட் கீதா?"

எனக்கு ஒருவர் மேல் பலத்த சந்தேகம் இருந்தது. அதைச் சொல்ல அன்று முழுதும் வாய் வரவில்லை. சாயங்காலம் பஸ்ஸில் அவர் வழக்கம்போல எனக்கு ஜன்னலோரம் இடம் போட்டு வைத்திருந்தார். மறுநாள் காலை கள்ளச் சாவியைப் பெரிய இன்ஜினீயரின் மேஜையில் வைத்தேன். புது நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். பழையதில் உண்மையாகவே மூட்டைப்பூச்சி இருந்திருக்கவேண்டும். ஒரு வருட இன்கிரிமென்ட் போயிற்று. பாயின் உத்தரவில் என் கண்ணெதிரே கையெழுத்து விழுந்தது.

பாய் என்னைத் திட்டவில்லை. பத்து மணிக்குள் டெலக்ஸ் அறையின் பூட்டை மாற்றினார். பட்டியலில் அந்த அறைக்கு நேரே இருந்த நாற்பத்தேழைக் கோடு போட்டு அடித்தார்; டெலக்ஸ் வேலை வேறொரு குமாஸ்தாவுக்குப் போயிற்று. ஒரு மாதம் பஸ்ஸில் பக்கத்திலேயே உட்கார்ந்தார், பேசவில்லை. பிறகு நிக்காஹ் பத்திரிகையை நீட்டினார், நான் திருப்போரூர் போய் இரண்டு முறை பிரியாணி வாங்கிச் சாப்பிட்டேன். வேலையை விட்டபோது வில்லையை அவர் கையிலேயே ஒப்படைத்தேன். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துத்தான் வாங்கிக்கொண்டார்.

போன மாதம் கருங்குழிக் கூடத்தில் என் எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தவர் அவர்தான். நரைத்த தாடி, அதே முகம். என் போன் இன்னும் ஒரு மணி நேரம் பொறுக்கச் சொன்னது. வீட்டில் தேடுவார்களே என்று, அவர் பக்கத்தில் கிடந்த அவருடைய போனை எடுக்கக் கை நீட்டினேன்.

"ஒரே ஒரு போன், பாய். வீட்டுக்குத்தான். என்னைத் தெரியாதா உனக்கு?"

அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"வில்லைய மாட்டிட்டு எடுத்துக்கோ."