மூன்றாவது நாற்காலி

அறைக்குள் நுழைந்ததும் அண்ணி முதலில் நாற்காலியை விரிப்பார். நீலக் கோடு போட்ட கித்தான் துணியும் இரும்புக் கால்களும் கொண்ட மடக்கு நாற்காலி அது. விரிக்கும்போது கிறீச்சென்று கத்தும். அந்தச் சத்தம் அடங்கும்வரை எதிரே இருக்கும் அதிகாரி பேச்சைத் தொடங்க முடியாது. அண்ணி உட்கார்ந்து, கைப்பையை மடியில் இருத்தி, பேனா மூடியைக் கழற்றிப் பின்பக்கம் மாட்டிக்கொண்டு, "ம், இப்போ சொல்லுங்க சார்" என்பார்.

குடிநீர் விநியோகத் துறையில் புகார்ப் பிரிவு எழுத்தர் அவர். ஊரில் எவர் வீட்டுக் குழாய் வெறும் காற்றை விட்டாலும் முதலில் ஒலிப்பது அண்ணியின் தொலைபேசிதான். அதோடு ஊழியர் சங்கத்தின் கிளைச் செயலாளரும்கூட. சென்ற ஆண்டு மேலிடம் மறுசீரமைப்பு ஒன்றை அறிவித்தது. சில பிரிவுகள் இணையும், சில பணியிடங்கள் இல்லாமல் போகும். எவை எவை என்று முடிவு செய்வதற்காக ஊழியர்களை ஒவ்வொருவராகத் தாழ்வாரக் கோடியிலிருந்த சிறிய அறைக்கு அழைத்தார்கள். சங்கத்திலிருந்து ஒருவரைத் துணைக்கு அழைத்து வரலாம் என்று விதி இருந்தது. ஆனால், அறையில் இருந்தவை இரண்டே நாற்காலிகள்.

முதல் நாள் அண்ணி நின்றுகொண்டே இருந்தார். "நின்னா நம்மள ஒரு ஆளாவே மதிக்க மாட்டேங்கறாங்க தம்பி. டீ கொண்டு வந்தவ காலி கிளாஸுக்காகக் காத்துக்கிட்டிருக்கற மாதிரி இருக்கு" என்று மாலையில் என்னிடம் சொன்னார்.

மறுநாள் காலை என் அண்ணனின் மீன்பிடி நாற்காலி வீட்டை விட்டுக் கிளம்பியது. அண்ணன் ஞாயிறுதோறும் ஏரிக்கரையில் தூண்டில் போடுபவர். அவர் மீன் எதையும் கொண்டுவந்ததாகக் குடும்பப் பதிவுகளில் குறிப்பு இல்லை. அவற்றைத் தொகுத்து வருபவன் என்ற முறையில் இதை நான் உறுதியாகச் சொல்ல முடியும்.

"அப்போ நான் எதுல உட்கார்றது?" என்றார் அண்ணன்.

"வாளியைக் கவுத்துப் போட்டு உட்காருங்க. அதுல போட எப்படியும் ஒண்ணும் கிடைக்கப் போறதில்ல."

அன்றிலிருந்து அலுவலகத்தில் அவர் 'நாற்காலி அக்கா' ஆனார்.

அண்ணி உரக்கப் பேசுபவர் அல்லர்; மேசையைத் தட்டி யாரும் பார்த்ததில்லை. அவருடைய வழி மெதுவாக எழுதுவது. அதிகாரி மேலிடத்திலிருந்து வந்த இளைஞர். மரியாதை தெரிந்தவர், எதையும் வழவழவென்று சொல்லிவிட்டுப் போகக்கூடியவர். அவர் ஒரு வாக்கியத்தை முடித்ததும், "கொஞ்சம் நிறுத்திச் சொல்லுங்க சார், எழுதிக்கறேன்" என்பார் அண்ணி. எழுதியதைப் படித்தும் காட்டுவார். தாம் சொன்னதையே இன்னொருவர் வாயால் கேட்கும்போது அந்த இளைஞருக்குக் கூச்சம் வந்துவிடும். "இல்ல மேடம், அவ்வளவு கறாரா இல்ல..." என்று ஒரு படி இறங்குவார். இறங்கிய படியையும் அண்ணி எழுதிக்கொள்வார். தட்டச்சு செய்யும் பெண்ணின் மாற்றல் நின்றது இப்படித்தான்.

மீட்டர்க்காரர் விஷயம் வேறு. வீடுவீடாகச் சென்று தண்ணீர் மீட்டர் பார்க்கும் அவர், வழியிலிருக்கும் நாய்களிடமெல்லாம் குடும்ப நலம் விசாரிப்பார். மனிதர்கள் எதிரே வந்தால் வாய் பூட்டிக்கொள்ளும். அவருடைய முறை வந்தபோது, கேட்ட கேள்விக்கெல்லாம் இருமினார்.

"அப்போ சம்மதம்னு எடுத்துக்கலாமா?" என்றார் அதிகாரி.

"இருமினதையெல்லாம் சம்மதம்னு எழுத முடியாது சார்" என்றார் அண்ணி. வெளியே வந்ததும் அவரைப் பிடித்துக்கொண்டார்: "ஏங்க, அந்த நாய்ங்ககிட்ட பேசறதுல பாதியாவது எங்ககிட்ட பேசக்கூடாதா?" மீட்டர்க்காரர் அதற்கும் இருமினார். அவர் வேலை தப்பியது.

அண்ணியின் பணியிடமும் நீக்கப்பட வேண்டியவற்றில் ஒன்று என்பது முதலிலிருந்தே எல்லோருக்கும் தெரியும். ஊருக்கு வெளியே, ஆள் அரவமில்லாத நீரேற்று நிலையத்துக்குப் போகவேண்டும், இல்லையென்றால் விலகிக்கொள்ளவேண்டும். "அங்க போனா உங்க அண்ணன் மாதிரி நானும் நாள் பூரா தண்ணியைப் பார்த்துக்கிட்டு உட்கார வேண்டியதுதான்" என்று சிரித்தார். ஆனால், அந்த வாரம் அவர் தேநீரில் சர்க்கரை போட மறந்ததை அண்ணனும் நானும் தனித்தனியே கவனித்திருந்தோம்.

தனக்குத் தானே துணையாக உட்கார முடியாது. சங்கத் தலைமையிலிருந்து வரவேண்டியவருக்கு அதே நாளில் வேறு ஊரில் இதே வேலை. யார் உள்ளே போவது என்று சங்கக் கூட்டத்தில் கேட்டபோது எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். பின்வரிசையில் ஓர் இருமல் கேட்டது.

"நான் வர்றேன்க்கா."

அறைக்குள் நடந்ததை நான் பார்க்கவில்லை. அண்ணியும் மீட்டர்க்காரரும் சொன்னவற்றில் ஒத்துப்போகும் பகுதியை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

அன்று அறையில் மூன்றாவதாக ஒரு மர நாற்காலி போடப்பட்டிருந்தது. அதிகாரியே சொல்லிப் போடச் செய்ததாம். மீட்டர்க்காரர் அதைப் பார்த்தார், தன் கையிலிருந்ததையும் பார்த்தார். பிறகு மடக்கு நாற்காலியைக் கிறீச்சென்று விரித்து அதிலேயே உட்கார்ந்தார். மூக்குக்கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வந்திருந்ததால் தாளைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துக்கொண்டார்.

"புகார்கள் இனிக் கணினி வழியாவே வந்துடும். போன் எடுக்க ஆள் தேவைப்படாது" என்றார் அதிகாரி.

"கொஞ்சம் நிறுத்திச் சொல்லுங்க சார்" என்றார் மீட்டர்க்காரர்.

அதிகாரி நிறுத்திச் சொன்னார். அப்போது தாழ்வாரத்துக்கு அப்பால் அண்ணியின் மேசையில் தொலைபேசி ஒலித்தது. அந்தக் கட்டடத்தில் அது நீண்ட நேரம் ஒலித்து யாரும் கேட்டதில்லை. அண்ணி எடுத்துவிடுவார், அவர் பிறருக்குத் துணையாகப் போகும்போது தட்டச்சுப் பெண் எடுத்துவிடுவாள். இன்று அது ஒலித்து, ஓய்ந்து, மறுபடி ஒலித்தது.

"'போன் எடுக்க ஆள்'... அப்புறம் என்ன சார் சொன்னீங்க? போன் சத்தத்துல காதுல விழல."

அதிகாரி குரலை உயர்த்தினார். தொலைபேசி அதைவிட உயர்த்தியது. மீட்டர்க்காரர் ஓர் எழுத்தை அடித்துவிட்டுத் திருத்தி எழுதினார். அண்ணி எழுந்து ஓடத் துடித்த கால்களை நாற்காலிக் கம்பியில் பின்னிக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். நான்காம் முறை சொல்ல வாயெடுத்த அதிகாரி, தாங்கமாட்டாமல் கதவைப் பார்த்துக் கத்தினார்: "அந்தப் போனை யாராவது எடுங்களேன்!"

மீட்டர்க்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

"அதையும் எழுதிக்கவா சார்?"

முதலில் சிரித்தவர் அதிகாரி என்பதில் இருவர் கூற்றும் ஒன்றே. கதவுக்கு வெளியே நின்றவர்களின் சிரிப்பு அதன் பிறகுதான் வெடித்தது. அதிகாரி தம் தாளில் இருந்த ஒரு வரியை அடித்தார். "போய் எடுங்க மேடம். உங்க இடம் அங்கேயே இருக்கட்டும். நான் மேல எழுதிடறேன்" என்றார். அப்படியே எழுதினார், சில வாரங்களில் மேலிடத்து உத்தரவும் அப்படியே வந்தது.

தொலைபேசியை ஏன் எடுக்கவில்லை என்று தட்டச்சுப் பெண்ணிடம் பின்னர் விசாரித்தேன். "மறந்தே போச்சுண்ணா" என்றாள். சொல்லும்போது சிரித்தாள். பதிவு முழுமையாக இருக்கவேண்டும் என்பதால் இரண்டையும் எழுதுகிறேன்.

உத்தரவு வந்த வார ஞாயிறன்று ஏரிக்கரைக்குப் போயிருந்தேன். அண்ணன் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து தண்ணீரை முறைத்துக்கொண்டிருந்தார். பின்னால் கிறீச்சென்று சத்தம் கேட்டது. அதுவரை அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காத அண்ணி, அண்ணனுக்கு அருகில் மடக்கு நாற்காலியை விரித்து உட்கார்ந்தார்.

"நீ எங்க இங்க?"

"துணைக்கு. ஒத்தையா உட்கார்ந்து எத்தனை நாள்தான் தோத்துக்கிட்டிருப்பீங்க?"

"பார்த்துக்கிட்டே இரு, இன்னிக்கு ஒண்ணு கண்டிப்பா மாட்டும்" என்றார் அண்ணன்.

அண்ணி கைப்பையை மடியில் இருத்தி, பேனாவை வெளியே எடுத்து, மூடியைக் கழற்றிப் பின்பக்கம் மாட்டிக்கொண்டார்.