சிஞ்ஞோராவின் போர்வையும் அப்பாவின் சாரமும்

இன்று கடையில் ஒரு கட்டம் போட்ட கம்பளிப் போர்வையைத் தூக்கியதும், அந்த ஆட்டுமயிர் வாசத்தில் எனக்கு எரிச்சல்தான் வந்தது. தொண்ணூறுகளில், இத்தாலியின் பலெர்மோ நகரில், கால்சா என்ற பகுதியில் அம்மா வேலை செய்த வீட்டின் தெருப்பக்கப் பல்கனியில் இதே வாசத்தோடு ஒரு போர்வை தொங்கும். ஸ்கொட்லாந்தில் பிறந்து பலெர்மோவில் கலியாணம் கட்டிய வீட்டுக்கார அம்மா, நாங்கள் சிஞ்ஞோரா என்று கூப்பிட்டவரின் போர்வை அது. அந்தக் கட்டங்கள் அவருடைய ஊருக்கு மட்டுமே உரியவையாம். அம்மா அதை வெயில் படாமல் உதறி விரிக்க, சிஞ்ஞோரா என் விரலைப் பிடித்துக் கோடுகளின்மேல் ஓட்டுவார்: பச்சை பைன் காடு, சாம்பல் மழை மூடிய மலை, ஊதா அந்த மலையில் பூக்கும் புதர், நடுவே மெல்லிய நீலம் ஆறு.

நாங்கள் இருந்த பின்னறைக்கு வெளியே, உள்முற்றத்துக் கொடியில் அப்பா இடுப்பில் கட்டும் சாரம் காயும். அதுவும் கட்டம்தான். ஆனால் தெருப்பக்கம் அதைப் போடக்கூடாது, பார்க்க வடிவில்லை என்பது சிஞ்ஞோராவின் சட்டம். அம்மா ஒருநாளும் மறுத்துக் கதைத்ததில்லை.

ஒருநாள் சாரத்தில் விரலை ஓட்டிக் கேட்டேன். "அப்பா, இந்த நீலக் கோடு எங்கட ஊரிலை எது?"

"விசர்க் கதை கதையாதை. அது சாரம், உடுக்கிறதுக்கு."

அந்த வீடு இப்போது ஹோட்டல். நான் காணாத ஒரு மலைநாட்டின் ஆறு எந்தக் கோட்டில் ஓடுகிறது என்பது மட்டும் எனக்கு இன்னும் மனப்பாடம். கடையில் நின்றபடியே அப்பாவுக்குப் போன் எடுத்தேன்.

"அப்பா, யாழ்ப்பாணத்திலை எங்கட வீட்டு வாசல்லை நிண்டா கடல் எந்தப் பக்கம்?"

அப்பா அங்கே ரீவியின் சத்தத்தைக் குறைப்பது கேட்டது.

"கடைக்குத்தானே போனனீ? வேண்டுறதை வேண்டிக்கொண்டு கெதியா வா, பிள்ளை."