கேட்ட வெள்ளம்

புத்தனாறு கால்வாயில் படகு மிதக்க வேண்டுமானால், கீழே ஓடிச் சேரும் தண்ணீரை மோட்டார் போட்டு மறுபடி மேலே ஏற்ற வேண்டும். வள்ளக்கடவு பம்ப் ஹவுஸில் அது பாறசாலைத் தமிழச்சி ரோஸின் வேலை.

கரையில் ஹோட்டல் நடத்திய மலையாளி ஸ்ரீஜித், கக்கூஸ் குழாயைக் கால்வாய்க்குள்ளேயே விட்டிருந்தான். வார்டு கூட்டத்தில் ரோஸ் எழுந்து, "தண்ணி நாறுது" என்றாள்.

"பாண்டிச்சி, இவிட தண்ணிக்கு வெள்ளம்னாக்கும் பறையணும். மொதல்ல பாஷை படி!" என்றான் ஸ்ரீஜித்.

கூட்டமே சிரித்தது. அந்தச் சிரிப்பை அவள் மறக்கவில்லை.

ஓணத்துக்கு ஸ்ரீஜித் புதுப் படகு விட்டான். விருந்தாளிகளோடு அது ஹோட்டல் வாசலிலேயே சேற்றில் தட்டி நின்றது. போனில் கத்தினான்: "ரோஸே, வேகம் வெள்ளம் விடு!"

அவள் எல்லா மோட்டாரையும் ஒன்றாகப் போட்டாள். கால்வாய் ஏறியது. படகு மிதந்தது. அவன் குழாயின் வாயும் முங்கியது. வெளியே போக வழியில்லாத கக்கூஸ் தண்ணீர் திரும்பி, சத்யை விருந்துக்கு இலை போட்டிருந்த கூடத்துக்குள் புகுந்தது.

மறுபடி போன். "அய்யோ, எந்தா இது? நிறுத்து!"

"நீங்கதான முதலாளி வெள்ளம் கேட்டிய? எங்க பாஷையில வெள்ளம்னா இதாக்கும்."