புதுப் போர்வையைப் பழசாக்கிய கதை

அந்த ஜெர்மன்காரி ஒரு சாக்கைத் தூக்கிக்கொண்டு எங்கள் மாடிப்படி ஏறி வந்தாள். உருளைக்கிழங்காக்கும் என்று நினைத்த அண்ணன் இரண்டு கையாலும் உன்னிப் பிடித்து வாங்கினார். சாக்கில் பாரமே இல்லை. வாங்கின வேகத்தில் பின்னுக்குப் போய்க் கதவில் முட்டினார். உள்ளே இருந்தது ஆட்டு மயிர். சாணியும் வைக்கோலும் ஒட்டிய, நனைந்த ஆட்டின் மணம் மாறாத, கழுவாத மயிர்.

கீழ் அறையில் தங்கியிருந்த எங்கள் நாட்டுக்காரர் ஒருவர் எட்டிப் பார்த்தார். “ஆட்டைத் தந்தாலும் ஒரு கறி வைக்கலாம். மயிரைக் கொண்டுவந்து தாறாள்.”

ஜெர்மனியின் வுப்பர்டாலில் இருந்து பஸ்ஸில் போனால் வரும் ஒரு சின்ன ஊரில், மூடிப்போன விடுதி ஒன்றில் எங்களைக் குடியமர்த்தியிருந்தார்கள். கீழே எல்லாம் தனியாக வந்த இளந்தாரிப் பொடியள். மாடியில் ஓர் அறை எனக்கும் அண்ணனுக்கும் மச்சாளுக்கும். மச்சாள் என்றால் அண்ணனின் மனைவி. அவருக்கு வயிறு தெரியத் தொடங்கியிருந்த காலம் அது. எங்கள் அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வரும்வரை வேலை செய்யக் கூடாது; அனுமதி இல்லாமல் மாவட்ட எல்லையைத் தாண்டக் கூடாது; மொழி வகுப்பில் எங்களுக்கு இடமில்லை. நான் அகராதி ஒன்றை வைத்துக்கொண்டு தெருப் பலகைகளையும் மாப்பெட்டிகளில் எழுதியிருப்பதையும் வாசித்து ஜெர்மன் படித்துக்கொண்டிருந்தேன். மற்ற நேரமெல்லாம் யன்னலடியில் நின்றேன். அங்கே நின்ற என்னைத்தான் ஜெர்மன்காரி பார்த்திருக்கிறாள்.

அவளுக்கு முப்பது வயதிருக்கும். இரண்டு வீடு தள்ளி இருந்தாள். வீட்டுக்குப் பின்னால் செம்மறிகள் வளர்த்தாள். தானே பின்னிய தொளதொளத்த மேற்சட்டை ஒன்றைக் கோடையிலும் போட்டிருப்பாள். “உங்கள் நாட்டில் எல்லாருமே நூல் நூற்பீர்கள் அல்லவா?” என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அவள் சொன்னது இந்தியாவை. நான் யாழ்ப்பாணம் என்றேன். எங்கள் ஊர்ச் செம்மறிகளிடம் உரிக்கத் தோல் உண்டு, கத்தரிக்க மயிர் கிடையாது என்றேன். நான் உயர்தரத்தில் கணிதம் படித்துச் சித்தியடைந்தவள் என்பதையும் சொன்னேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுப் போய், கால்மிதி வைத்த இராட்டை ஒன்றைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து இறக்கினாள்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாகப் படித்து முடித்த முதல் ஆள் நான். அம்மா கைநாட்டு. அண்ணன் ஐந்தாம் வகுப்போடு ஐயாவின் பின்னால் புகையிலைத் தோட்டத்துக்குப் போனவர். இவளோ பட்டம் பெற்று, ஆசிரியை வேலை பார்த்து, அது பிடிக்கவில்லை என்று விட்டுவிட்டு ஆடு வளர்க்க வந்தவள். இதை அவள் ஏதோ பெரிய விடுதலை போலச் சொன்னபோது எனக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. நான் பிடித்துத் தொங்கி ஏறிய ஏணியில் அவள் சிரித்துக்கொண்டே இறங்கிக்கொண்டிருந்தாள். நடுவழியில் என் கையில் ஆட்டு மயிரைத் தந்துவிட்டுப் போகிறாள்.

ஆனாலும் இராட்டையில் உட்கார்ந்தேன். சும்மா இருப்பது அதைவிடக் கொடுமை.

மயிரை இளஞ்சூட்டு நீரில் ஊறவைத்து, காயவைத்து, கம்பிப் பல் வைத்த இரண்டு பலகைகளுக்கு நடுவே வாரி வாரிப் பஞ்சாக்கினேன். அதுவரை சரி. நூற்கத் தொடங்கியதும் என் கை சொன்னதைக் கேட்கவில்லை. விளக்குக்குத் திரி உருட்டிப் பழகிய விரல்கள் இழை வந்ததும் இறுக்கி முறுக்கின. தையல் மெஷின் மிதித்துப் பழகிய கால் விடாமல் மிதித்தது. நூல் முறுகிச் சுருண்டு பன்றி வால் மாதிரி எழும்பியது. கையை இளக்கினால் அறுந்தது. ஓரிடத்தில் மயிரிழை மாதிரி, அடுத்த இடத்தில் பெருவிரல் மொத்தம். ஜெர்மன்காரி வந்து அதைத் தூக்கிப் பார்த்து “ஷோன்” என்றாள். அழகு என்று அர்த்தம். பிழையாகச் செய்ததற்குச் சிவப்புக் கோடு வாங்கி வளர்ந்தவள் நான். பிழையை அழகு என்றால் எங்கிருந்து திருத்துவது? ஒருவரும் என்னிடம் எதையும் எதிர்பார்க்கவில்லை என்பதுதான் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் என்று பட்டது.

அந்த நாட்களில் மச்சாளைப் பரிசோதனைக்குக் கூட்டிக்கொண்டு போய் மொழிபெயர்ப்பது என் வேலை. ஒருநாள் டாக்டர் என் பக்கம் திரும்பி, நீங்கள் பகலில் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். சும்மா இருக்கிறேன் என்று சொல்ல மனம் வரவில்லை. அகராதியில் பார்த்து வைத்திருந்த வினையை நிமிர்ந்து நின்று சொன்னேன்: “இஹ் ஷ்பின்ன.” நான் நூற்கிறேன். தாதி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள்கள் குலுங்கின. டாக்டர் பேனாவைத் தேடத் தொடங்கினார். அறைக்கு வந்து அகராதியில் இன்னும் கீழே வாசித்தேன். அதே சொல்லுக்கு எனக்கு மூளை பிசகிவிட்டது என்றும் ஒரு பொருள் இருந்தது.

“என்னவாம்?” என்று மச்சாள் கேட்டார்.

“பிள்ளை சுகமாம்.”

“அதுக்கே அவள் அப்பிடிச் சிரிச்சவள்?”

அதன் பிறகுதான் எனக்குப் பிடிவாதம் வந்தது. இந்த நாட்டில் நான் செய்தது என்று கையில் எடுத்துக் காட்ட ஒரு பொருளாவது வேண்டும். பிறக்கப்போகும் பிள்ளைக்கு ஒரு போர்வை நெய்வேன். ஆசுபத்திரியிலிருந்து வெளியே வரும்போது அது என் போர்வைக்குள் வரவேண்டும். பார்க்கிறவர்கள் யார் செய்தது என்று கேட்கவேண்டும். இவ்வளவுதான் ஆசை. அந்த மாதங்களில் இதைத் தவிர வேறெதையும் நான் நினைக்கவில்லை.

கால் மெதுவாகப் பழகியது. ஒரு பின்னேரம் விரலிடுக்கில் இருந்து இழை தானாக ஓடத் தொடங்கியது. மிதி, இழு, விடு. மூச்சு விடுவது போல. யன்னலுக்கு வெளியே இருட்டியதையும் கவனிக்கவில்லை. அந்தச் சந்தோசத்தை மறைக்க முடியாது. ஆனால் அது வந்த உடனேயே அண்ணன் சாப்பாட்டுக்கு இராட்டையைத் தள்ளி வைக்கச் சொன்னார்.

வெள்ளைப் போர்வையில் பொன்நிறக் கோடுகள் வேண்டும் என்று தீர்மானித்தேன். வெங்காயத் தோலை அவித்தால் அந்த நிறம் வரும் என்று ஜெர்மன்காரி சொன்னாள். அவள் தெரு முழுக்கக் கேட்டுச் சேர்த்தது ஒரு கோப்பை. எங்கள் குசினியில் ஒரு கிழமைக்குள் தலையணை உறை நிறைந்துவிட்டது. “இவ்வளவு வெங்காயமா!” என்று அவள் மலைத்துப் போனாள். நூற்கிற தன் சிநேகிதிகளிடம் எல்லாம் என் வெங்காயத்தைப் பற்றிச் சொல்ல, அவர்களும் பை பையாகத் தோல் வாங்கிக்கொண்டு போனார்கள். கணிதத்தைப் பற்றி ஒருத்தியும் கேட்கவில்லை.

அவிக்கப் போனபோது மச்சாள் குறுக்கே நின்றார்.

“என்ர சோத்துப் பானைக்குள்ள ஆட்டு மயிரை அவிக்கப் போறீரோ?”

“கழுவிப்போட்டுத் தாறன் மச்சாள்.”

“நீர் கழுவினாலும் நான் அதுக்குள்ள சோறு வைக்கமாட்டன்.”

கடைசியில் ஜெர்மன்காரியின் ஓட்டை விழாத பழைய வாளி ஒன்று கிடைத்தது. நூலைச் சீனக்காரம் கரைத்த நீரில் ஊறப்போட்டு, பிறகு வெங்காயச் சாயத்தில் இட்டு, சூட்டை மெல்ல மெல்ல ஏற்றவேண்டும். கிண்டக் கூடாது. கொதிக்க விடவே கூடாது. பக்கத்து அடுப்பில் பருப்பு வைக்க வந்த பொடியன் ஒருவன் அகப்பையை உள்ளே விட்டுத் துழாவப் போக, நான் போட்ட சத்தத்தில் அவன் அகப்பையை அங்கேயே விட்டுவிட்டுப் போனான். நூல் வெளியே வந்தபோது பழுத்த பனங்காயின் உள் நிறம். விடுதி முழுக்க நனைந்த செம்மறி மணம். கீழிருந்து ஒருவர் கத்தினார்: “தங்கச்சி, கறி ரெடியோ?”

ஜெர்மன்காரியிடம் இருந்த தறி, மேசையில் வைக்கிற சின்னத் தறி. அகலம் காணாது. இரண்டு பட்டிகளாக நெய்து நடுவில் தைத்தேன். இரண்டு பட்டியிலும் கோடுகள் ஒன்றுக்கு நேரே ஒன்று வந்து பொருந்தவேண்டும். வராவிட்டால் பிரித்தேன். பிரித்துப் பிரித்து நெய்தேன். ஓரம் உள்ளே இழுத்துக்கொண்டு இடுப்பு மாதிரி ஒடுங்கியபோது அழுதேன். எப்படியோ ஒருநாள் கோடுகள் பொருந்தின. தையல் எங்கே என்று தேடித்தான் பிடிக்கவேண்டும். ஜெர்மன்காரி “ஷோன்” என்றாள். அன்றைக்கு மட்டும் நானும் மனதுக்குள் ஓம், அழகுதான் என்றேன்.

மடித்துக்கொண்டுபோய் மச்சாளின் மடியில் வைத்தேன். அவர் கையை எடுத்துக்கொண்டார்.

“இதென்ன?”

“பிள்ளைக்கு. ஆசுப்பத்திரியாலை கொண்டுவரேக்கை சுத்த.”

“புதுசோ?”

“நான் நெய்தது, மச்சாள்.”

“அதுதான் கேக்கிறன், புதுசோ எண்டு. பிறந்த பிள்ளைக்கு ஆரும் புதுசு போடுவினமே? முப்பத்தொண்டு கழியட்டும். பிறக்க முன்னம் இப்பிடியெல்லாம் செய்து வைக்கவும் கூடாது. படிச்ச பிள்ளை, உமக்கு இது தெரியாதே?”

தெரியும். பழைய வேட்டி, பழைய சேலைத் துண்டு, தோய்த்துத் தோய்த்து மெதுமையான துணியில்தான் பிள்ளையைக் கிடத்துவார்கள். முப்பத்தோராம் நாளில் பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழிந்த பிறகுதான் புதுசு. ஆனால் எங்களிடம் ஏது பழைய வேட்டி? கையில் ஒரு பையோடு வந்த குடும்பம். நாங்கள் போட்டிருந்த குளிர்ச்சட்டை, சப்பாத்து, மச்சாள் போர்த்திருந்த சால்வை எல்லாமே தேவாலய மண்டபத்தில் குவித்து வைத்திருந்த யாரோ ஒருவரின் பழசு. இந்த நாட்டில் எங்கள் உடம்பில் பட்டதெல்லாம் பழசு. நான் செய்த ஒன்றேயொன்றுதான் புதுசு. அது புதுசாக இருப்பதால் ஆகாதாம். 

அண்ணன்தான் நடுவே வந்தார். “பழசுதானே வேணும்? தா இஞ்சை. பழசாக்கித் தாறன்.”

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். அவர் அன்றே அதைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் தரிப்புக்குப் போனார். படுக்கும்போது காலுக்குப் போட்டார். பின்னேரங்களில் கீழே அதை விரித்து அதன் மேல் இருந்து முந்நூற்றிநாலு சீட்டு விளையாடினார்கள். கோடுகள் பொருந்திய இடத்தில் ஒருவர் தேத்தண்ணிக் கோப்பையை வைத்தார்.

“அண்ணை, கோப்பையை எடுங்கோ!”

“பயப்பிடாதையும் தங்கச்சி. நல்ல வடிவாப் பழசாகுது.”

மச்சாள் படியில் நின்று பார்த்துவிட்டு, “இன்னும் காணாது,” என்றார். அவர் பகிடிக்குச் சொல்லவில்லை. தன் முதல் பிள்ளைக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்ற பயம் அவர் முகத்தில் தெரிந்தது. அந்தப் பயத்தோடு நான் எப்படிச் சண்டை பிடிப்பது? அதனால் எல்லாக் கோபமும் அண்ணன் மேல் திரும்பியது.

ஒருநாள் நான் கடைக்குப் போய் வந்தபோது அண்ணன் நிலவறையில் இருந்து ஒரு தட்டத்தில் எதையோ வைத்துக்கொண்டு மேலே வந்தார். முகத்தில் ஒரு வெளிச்சம். “மெஷினிலை போட்டுத் தோய்ச்சனான். உள்ளதிலை பெரிய நம்பருக்குத் திருப்பி விட்டனான். நல்லாத் துப்புரவாகட்டும் எண்டு.”

தட்டத்தில் இருந்தது என் போர்வை. கொதிநீரும் மெஷினின் உருட்டலும் சேர்ந்து அதைப் பாதிக்கும் கீழாகச் சுருக்கியிருந்தன. கம்பளியைச் சூட்டில் போட்டு உருட்டினால் மயிர்கள் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு இறுகிவிடும் என்று அந்த மனிதருக்கு யார் சொல்வது? அட்டை மாதிரித் தடித்து நின்றது. நெடுக்கிழை இல்லை, குறுக்கிழை இல்லை, தையல் இல்லை. பொன்கோடுகள் கலங்கி, கரையும் கரையும் சேர்ந்துபோய்க் கிடந்தன.

“என்ன செய்து வைச்சிருக்கிறியள்!”

“தோய்ச்சாத்தானே பழசாகும்?”

“இது வேட்டியே அண்ணை, அவிச்சுத் தோய்க்க?”

மச்சாள் முதலில் வாயைப் பொத்தினார். பிறகு அடக்க முடியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஜெர்மன்காரியிடம் ஓடினேன். அவளாவது என்னோடு சேர்ந்து கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அதை வளைத்துப் பார்த்து, கன்னத்தில் வைத்துப் பார்த்து, ஜெர்மனியின் தெற்கு மலைநாட்டுக்காரர் இதை வேண்டுமென்றே செய்து மேலங்கி தைப்பார்கள், இனிக் காற்றும் புகாது, அரிக்கவும் அரிக்காது என்று சந்தோசமாகச் சொன்னாள். அதற்கும் “ஷோன்”. நான் அவளுக்கு முன்னாலேயே கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

பனி கொட்டிய ஒரு காலையில் பிள்ளை பிறந்தது. பெண் பிள்ளை. வீட்டுக்கு விடுகிற நாளில் தேவாலய மண்டபத்துத் துணிகளை நான் பையில் அடுக்கிக்கொண்டுபோனேன். மச்சாள் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிட்டு, “ஆர் போட்டதோ தெரியாது,” என்று ஒதுக்கினார். பிறகு கேட்டார்: “எங்கை உம்மட அண்ணற்றை துண்டு?”

அண்ணன் தன் குளிர்ச்சட்டைக்குள் இருந்து அதை எடுத்தார். குழந்தையைச் சுற்றிப் பார்த்தால் அளவெடுத்துச் செய்ததுபோல் காலில் இருந்து தலைவரை வந்தது. மச்சாள் அதன் ஓரத்தை விரலால் நெரித்துப் பார்த்து, “இப்ப சரி. எங்கட வீட்டுப் பழசு,” என்றார்.

தாதி ஒருத்தி குனிந்து தொட்டுப் பார்த்தாள். “இதை யார் செய்தது?” என்று ஜெர்மனில் கேட்டாள்.

அண்ணனுக்கு அந்தக் கேள்வி மட்டும் எப்படியோ விளங்கிவிட்டது. நெஞ்சில் கையை வைத்து, “இஹ்,” என்றார். நான்.

வாரியது நான், நூற்றது நான், சாயம் போட்டது நான், நெய்தது நான், இவர் தோய்த்தது மட்டும்தான் என்று ஐந்து வினைகளையும் இறந்தகாலத்தில் பிழையில்லாமல் அடுக்கிச் சொன்னேன். சொல்லி முடித்து நிமிர்ந்தபோது தாதி அடுத்த கட்டிலுக்குப் போயிருந்தாள். அண்ணன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிக்கொண்டிருந்தார்.