நான் ஆணி என்றேன், வெளிச்சம் கடல் என்றது

மூன்று வருடங்களுக்கு முன், தூத்துக்குடியில் ஒரு ஆஸ்பத்திரியில் நடந்தது இது. நான் சொன்ன ஒரு பொய்யால் என் கணவரின் கால் போயிருக்கும். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது.

அவர் சங்கு குளிக்கிறவர். எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை யாரும் கடலுக்குப் போகக்கூடாது. போனால் ஊர் கமிட்டி தொழிலை விட்டு நிறுத்திவைக்கும். அந்த வாரம் முழுக்கக் காற்றடித்துக் கடல் கலங்கிக் கிடந்தது. கலங்கிய தண்ணீரில் சங்கு கண்ணுக்குத் தெரியாது. ஞாயிறன்று பார்த்துத் தெளிந்துவிட்டது. நான் மாதா கோயிலுக்குப் பூசைக்குப் போன நேரத்தில் மனுஷன் வேறு ஊர்ப் படகில் ஏறிப் போய்விட்டார். அடியில் சிப்பி காலைக் கிழித்திருக்கிறது. உப்புத் தண்ணீர் பட்டால் புண் ஆறிவிடும் என்பது எங்கள் ஆட்களின் நினைப்பு. அதிலேயே கழுவிவிட்டு மறுபடியும் குதித்திருக்கிறார். அவருக்குச் சர்க்கரை வேறு.

மறுநாள் காலையில் கால் முழங்கால்வரை வீங்கி, கறுப்புக் கறுப்பாகக் கொப்பளம். காய்ச்சல் கொதித்தது. எப்படி ஆனது என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார். ஊர்க்காரர்கள் காதுக்குப் போய்விடும் என்ற பயத்தில், வீட்டில் ஆணி குத்தியது என்றேன். அதற்கான மருந்தை ஏற்றினார்கள். மதியத்துக்குள் வீக்கம் தொடைக்கு ஏறிவிட்டது. எந்தக் கிருமி என்று தெரிய இரண்டு நாள் ஆகும், அதுவரை கால் தாங்காது, எடுக்கவேண்டி வரலாம் என்றார் டாக்டர்.

அங்கே ஆராய்ச்சிக்காக வந்திருந்த ஒரு பெண், டாக்டர் சொன்னபடி கொப்பளத்து நீரில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போனாள். பின்னாலேயே போய்ப் பார்த்தேன். ஒரு பெட்டிக்குள் பச்சை வெளிச்சம். அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஆத்திரம் பொங்கியது.

“ஏளா, அங்கன ஒருத்தர் கால் போகப் போகுது. நீ இங்கன டார்ச் அடிச்சு விளையாடுதியா?”

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “வெளிச்சம் பட்டா ஒவ்வொரு கிருமியும் ஒவ்வொரு மாதிரி திருப்பி அனுப்பும்க்கா. அத வச்சு எதுன்னு சொல்லிரலாம். கொஞ்சம் சத்தம் போடாம இருங்க.”

ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. டாக்டர் கையில் காகிதத்தோடு என் கணவரின் கட்டிலுக்கு வந்தார்.

“இந்த மெஷின் இன்னும் சோதனையிலதான் இருக்கு. ஆனா இது கடல் தண்ணிக் கிருமின்னு காட்டுது. நீங்க ஆணின்னு சொல்லுதீங்க. எதும்மா நிசம்?”

ஊர் கமிட்டித் தலைவர் என் கணவரைப் பார்க்க வந்து, கட்டிலுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். நான் தலைவர் முகத்தைப் பார்த்தேன். பிறகு அந்தக் காலைப் பார்த்தேன். இவர் நேற்று கடலுக்குப் போனார், சிப்பி கிழித்துவிட்டது என்று எல்லோருக்கும் கேட்கும்படியே சொன்னேன்.

தலைவர் முறைத்தார். “ஆளு முதல்ல எந்திரிச்சு வரட்டும். ஊர்ல வச்சுப் பேசிக்கிடுவோம்.”

உடனே மருந்தை மாற்றினார்கள். அழுகிய சதையை அறுத்துச் சுத்தம் செய்தார்கள். மறுநாள் காலையில் வீக்கம் தொடையை விட்டு இறங்கியிருந்தது. இரண்டு நாள் கழித்து வந்த வழக்கமான ரிப்போர்ட்டும் அதே கிருமியைத்தான் சொன்னது. அந்தப் பெண்ணிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். “இனி நான் டார்ச் அடிச்சுக்கிடலாமாக்கா?” என்று சிரித்தாள்.

ஊர்க் கூட்டத்துக்கு அவர் தன் இரண்டு காலாலும் நடந்தே போனார். ஒரு மாதம் கடலில் இறங்கக்கூடாது என்றார்கள். தண்டனையைக் கேட்டுச் சந்தோஷத்தில் சிரித்தவள் எங்கள் ஊரில் நான் ஒருத்திதான். கால் இருக்கிறது, கடல் எங்கே ஓடிவிடப் போகிறது?

இப்போது எங்கள் கரையில் யாராவது புளுகினால், “நிசத்தச் சொல்லுதியா, லைட்ட அடிக்கவா?” என்று என்னைப் பார்த்துக்கொண்டே கேட்கிறார்கள். கேட்டுவிட்டுப் போகட்டும். ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தால் நடந்ததை நடந்தபடி முதலில் சொல்லிவிடுகிறேன். பொய் சொல்லிவிட்டு நிற்கிற எல்லோருக்கும் அந்தப் பெண்ணும் அந்த வெளிச்சமும் பக்கத்து அறையில் இருக்கமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும்.