நீல மை படிந்த மூன்று சீட்டுகள்

மூன்று வருடங்களுக்கு முன்பு, கொச்சி மட்டாஞ்சேரியில் நடந்தது இது. மசாலாக் கிடங்கு ஒன்றின் மாடியில் ஞாயிறு காலைகளில் எங்கள் தமிழ்ச் சபை கூடும். நாற்பது பேர் இருப்போம். பெரும்பாலும் கூலி வேலை, தையல் வேலை செய்பவர்கள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். அம்மா இன்றும் கைநாட்டு.

பிரசங்கத்துக்கு முன்னால் அரை மணி நேரம் எல்லோருக்கும் பொது. யார் வேண்டுமானாலும் எழுந்து பாடலாம், சாட்சி சொல்லலாம், ஜெபிக்கலாம். ஆளுக்கொரு வரம் உண்டு, அதை வீட்டில் வைத்துப் பூட்டாதீர்கள் என்பார் பாஸ்டர்.

சுள்ளிக்கல்லில் இருந்து ஓர் அக்கா வருவார். ஐம்பது வயதிருக்கும். சுக்குக் கிடங்கில் இஞ்சித் தோல் சீவுகிற வேலை. பிறருக்காக ஜெபிப்பதுதான் அவருடைய வரம். யாருடைய முகம் வாடியிருக்கிறது என்று எப்படியோ தெரிந்துகொள்வார். பக்கத்தில் போய் நின்று, பேசுகிற மாதிரியே ஜெபிப்பார். என் கடைசி வருடப் பரீட்சையின்போது, "ஆண்டவரே, கேள்வித்தாள்ல என்ன வரும்னு எனக்குத் தெரியாது. உமக்குத் தெரியும், இந்தப் பிள்ளைய நீர்தான் பாத்துக்கணும்" என்றார். சபையே சிரித்துவிட்டது. எனக்கு மட்டும் கண் கலங்கியது.

சிக்கல் என்னவென்றால், அந்த அரை மணி நேரம் ஒரு மணி நேரமாக நீளும். பன்னிரண்டு மணிக்கு மாடியை அடுத்த கூட்டத்துக்கு விட வேண்டும். அவர்கள் படியில் நின்று முணுமுணுப்பார்கள். பாஸ்டர் என்னைக் கூப்பிட்டு, "நீ படிச்ச பையன், ஒரு ஒழுங்கு பண்ணு" என்றார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அட்டைப் பெட்டி ஒன்றில் துளை போட்டு வாசலில் வைத்தேன். பங்கெடுக்க விரும்புபவர்கள் சீட்டில் பெயர் எழுதி உள்ளே வரும்போதே போட வேண்டும். நான் ஐந்து பேரைத் தேர்ந்தெடுத்து, வரிசைப்படி வாசிப்பேன். அடுத்த வாரத்துக்கான வெற்றுச் சீட்டை ஒவ்வொரு ஞாயிறும் எல்லோருக்கும் கொடுத்துவிடுவேன்.

அக்கா பெட்டியைச் சுற்றிப் பார்த்தார். "என்ன தம்பி, ரேஷன் கடை மாதிரி இனி கர்த்தர்கிட்ட பேசவும் டோக்கன் எடுக்கணுமோ?"

எல்லோரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன். அக்காவும் சிரித்தார். ஆனால் சீட்டைப் பத்திரமாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

கூட்டம் சரியாகப் பன்னிரண்டுக்கு முடிய ஆரம்பித்தது. பாஸ்டர் என் தோளைத் தட்டினார். அடுத்தடுத்து மூன்று வாரமும் பெட்டியில் எழுத்தே இல்லாத ஒரு சீட்டு கிடந்தது. நடுவில் நீல மை அப்பியிருந்தது, அவ்வளவுதான். பேனா ஒழுகியிருக்கும், இல்லையென்றால் பிள்ளைகள் விளையாடியிருப்பார்கள் என்று மூன்றையும் கசக்கிப் போட்டேன்.

மூன்றாவது வாரம் ஐந்தாவது ஆள் பாடி முடித்ததும் அக்கா பாதி எழுந்தார். என்னையே பார்த்தார். நான் கைக்கடிகாரத்தைத் தொட்டுக் காட்டினேன். சரி சரி என்பது போலத் தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

அதற்கடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. பத்து நாள் கழித்து அவர் இறந்த செய்திதான் வந்தது. வயிற்றில் கட்டியாம். வெளியே தெரியும்போதே முற்றியிருந்ததாம்.

அடக்கம் முடிந்து வீட்டுக்குப் போனோம். எர்ணாகுளம் பிராட்வேயில் துணிக்கடையில் நிற்கிற அவருடைய மகள் எனக்குச் சாயா கொண்டுவந்து கொடுத்தாள். கொடுத்துவிட்டு நகரவில்லை.

"அண்ணா, ஒண்ணு கேக்கட்டா? அம்மா மூணு வாரம் பேர் குடுத்துச்சு. ஏன் கூப்பிடல?"

அக்கா பெயரில் சீட்டு எதுவும் வரவில்லை என்றேன்.

"கிடங்குல கூலி வாங்கறப்ப மை பேடுல விரல் வெக்கும்ல, அப்பிடியே உங்க சீட்டுலயும் வெச்சுக் கொண்டுவரும். ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடி சபை முழுக்க தலையில கை வெச்சு ஜெபிக்கணும்னு ஆசை. நான் எழுதித் தரேன்னேன். வேண்டாம்டி, அந்தத் தம்பியோட அம்மாவும் என்னப் போலக் கைநாட்டுதான், பாத்தாலே புரிஞ்சுக்கும்னுச்சு."

இஞ்சி சீவிச் சீவி அக்காவின் பெருவிரலில் ரேகையே தேய்ந்து போயிருந்தது. ஆதார் மெஷின்கூட ஏற்றுக்கொள்ளவில்லை என்று அவரே ஒருமுறை சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். அதனால்தான் அது ரேகையாக விழாமல் வெறும் கறையாக விழுந்திருக்கிறது. பள்ளிக்கூடப் படிவங்களில் அம்மாவின் விரலை நானே பிடித்து மையில் அழுத்தியவன். எனக்கு அது தோன்றவே இல்லை. கையிலிருந்த சாயா அப்படியே ஆறிப்போனது.

பாஸ்டரிடம் சொன்னேன். பெட்டியை எடுத்துவிட்டோம். இப்போது மீண்டும் யார் வேண்டுமானாலும் எழுந்திருக்கலாம். படியில் நிற்பவர்களிடம் நானே போய், இன்னும் கால் மணி நேரம் தரச் சொல்லிக் கெஞ்சிவிட்டு வருகிறேன்.

நாங்கள் ஜெபித்திருந்தால் அக்கா பிழைத்திருப்பாரா, தெரியாது. எங்கள் எல்லோருக்காகவும் ஜெபித்தவர், தனக்கென்று ஒருவர் கைகூடத் தலையில் படாமல் ஆஸ்பத்திரிக்குப் போனார் என்பது தெரியும். இன்றும் யாராவது என்னைப் படித்த பையன் என்று சொன்னால், படிக்கத் தெரியாமல் நான் கசக்கிப் போட்ட அந்த மூன்று சீட்டுகள்தான் நினைவுக்கு வருகின்றன.