மேளத்தின் பக்கம் திரும்பிய நாற்காலி

பரவை மார்க்கெட்டில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது தங்கராசு அண்ணனின் மகள் கவிதா போன் செய்தாள். "மாமா, அப்பா விடியக்காலைல போயிட்டாரு" என்றாள். சிறுநீரகக் கோளாறோடு பல வருடங்கள் மல்லுக்கட்டிய மனிதர். எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்று தெரிந்திருந்த செய்திதான். ஆனாலும் கையிலிருந்த காய்களைக் கூடையிலேயே திரும்பப் போட்டுவிட்டு நின்றேன். "என்னண்ணே, வேணாமா?" என்று கடைக்காரப் பெண் கேட்டபோது பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடக்க ஆரம்பித்திருந்தேன்.

பசுமலையில் ஒரு பள்ளி அலுவலகத்தில் நானும் அவரும் எதிரெதிர் மேசைக்காரர்கள். உறவு ஒன்றும் கிடையாது, ஆனால் முதல் நாளே என்னை மாப்ள என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். அலுவலகத்தைப் பூட்டிய பிறகு யாராவது சான்றிதழ் கேட்டு மூச்சு வாங்க ஓடிவந்தால் நான் "நாளைக்கு வாங்க" என்பேன். அவர் ஏதாவது ஒரு ராகத்தை முணுமுணுத்தபடியே பூட்டைத் திறந்துகொண்டிருப்பார். "பஸ் ஏறி வந்திருக்காக மாப்ள" என்பதோடு விளக்கம் முடிந்துவிடும். அவரால் நான் தவறவிட்ட பஸ்கள் ஏராளம்.

நாதஸ்வரம் என்றால் அவருக்கு உயிர். நம் ஊர்க் கல்யாணங்களில் மேளக்காரர்களை யார் கவனிக்கிறார்கள்? எல்லா நாற்காலியும் மேடையைப் பார்த்துக் கிடக்கும். இவர் மட்டும் ஒரு நாற்காலியை இழுத்து மேளத்தின் பக்கம் திருப்பிப் போட்டு, மேடைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிடுவார். கேட்டால், "ஊதுறவக மூஞ்சிய ஒருத்தராவது பாக்கணும்ல. இல்லேன்னா அவுக சுவத்துக்கா வாசிப்பாக?" என்பார். அவர்களைப் பந்தியில் உட்கார வைத்துவிட்டுத்தான் தானும் இலைக்கு வருவார்.

என் மகள் கல்யாணத்திலும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார். அன்று நடந்ததை, இதைப் படிப்பவர்களில் அவரை அறிந்த பலரும் நேரில் பார்த்திருப்பீர்கள். தாலித் தட்டு பெரியவர்களின் ஆசிக்காகக் கூட்டத்துக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. நாதஸ்வரக்காரர் ராகத்தில் ஒரு பிடியை இழுத்து நிறுத்திய அழகில் சொக்கிப்போய் அண்ணன் விரலைத் தலைக்கு மேல் உயர்த்தி "ஆகா" என்றார். தவில்காரர் முத்தையாவுக்குப் போட்டோக்காரர்கள் மறைத்ததில் மேடை தெரியவில்லை. இந்த விரல்தான் தெரிந்தது. கெட்டிமேளத்துக்கான சைகை என்று நினைத்து வெளுத்து வாங்கிவிட்டார். மண்டபமே எழுந்து அட்சதையை வீசியது. மாப்பிள்ளை துண்டால் கழுத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார். தாலியோ மூன்றாவது வரிசையில் ஒரு அம்மாள் கையில் இருந்தது.

மாப்பிள்ளையின் தாய்மாமன் கொதித்துப்போனார். "தாலி ஏறுமுன்னால அடிச்சு அபசகுனம் பண்ணிட்டான். அந்தத் தவில்காரன மொதல்ல வெளிய அனுப்புங்க" என்றார். என் மனைவி கண்ணைக் கசக்க ஆரம்பித்தாள். முத்தையா பேயறைந்ததுபோல் நின்றார். அண்ணன் நேரே அந்தத் தாய்மாமன் முன்னால் போய்க் கைகூப்பினார். "என் கையப் பாத்துத்தாண்ணே அவரு அடிச்சாரு. தப்பு என்னுது. அனுப்புறதுன்னா என்னைய அனுப்புங்க, வாசல்ல நின்னு கேட்டுக்கிறேன். மத்த வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு தரம்தான் ஆசீர்வாதம். நம்ம பிள்ளைகளுக்கு ரெண்டு தரம் விழட்டுமே" என்றார். தாய்மாமனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. கீழே கிடந்த அட்சதையை மிதித்துக்கொண்டு நாங்கள் புது அட்சதை பிசைந்தோம். என் மகள் இன்றைக்கும் நன்றாகத்தான் இருக்கிறாள்.

ஆனால் அண்ணன் அதை மறக்கவில்லை. அன்றிலிருந்து எந்தக் கல்யாணத்திலும் இரண்டு கைகளையும் கக்கத்துக்குள் இடுக்கிக்கொண்டுதான் மேளத்தின் முன்னால் உட்காருவார். "இந்தக் கைய நம்ப முடியாது மாப்ள. ஒரு ஆளு பொழப்புல மண்ணப் போடப் பாத்துச்சு" என்பார். தாளமெல்லாம் கால் பெருவிரலுக்கு இறங்கிவிட்டது. நாதஸ்வரம் வேகம் பிடித்தால் அந்த விரல் செருப்புக்குள் துள்ளுவதைப் பார்க்க வேண்டும்.

பிறகு டயாலிசிஸ் காலம். சில நாள் நானும் ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போவேன். ஊசி ஏறிய கையை அசைக்கக் கூடாது. போர்வைக்குக் கீழே பெருவிரல் மட்டும் ஆடும். "சார், காலு உதறுதா?" என்று பதறிய நர்ஸிடம், "இல்லம்மா, மெஷின் நல்ல காலப்பிரமாணத்துல ஓடுது. பாட்டு இல்லாத குறைய நான் தீர்க்குறேன்" என்றார். அந்தப் பெண் பிறகு அவர் படுக்கைக்கு வரும்போதெல்லாம் முதலில் காலைத்தான் பார்ப்பாள்.

கவிதாவுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது உடம்பு ரொம்ப மோசமாகியிருந்தது. கூட்டத்துக்குள் கொண்டுபோகாதீர்கள் என்றார் டாக்டர். வீட்டிலிருந்தே வீடியோவில் பார்க்கட்டும் என்றார்கள் சொந்தக்காரர்கள். அண்ணன் யாரோடும் வாதாடவில்லை. என்னிடம் மட்டும், "மேடை வேணாம், சாப்பாடு வேணாம். மேளத்துக்கு முன்னால ஒரு நாற்காலி, அம்புட்டுத்தான். பிள்ளைக்குக் கெட்டிமேளம் அடிக்கிறதக் கேட்டுட்டா அதுக்கப்புறம் எப்பக் கூப்பிட்டாலும் போறேன்" என்றார். கவிதாவிடம் சொன்னேன். "அப்பா இல்லாம நான் மணவறையில உக்கார மாட்டேன்" என்று அவள் ஒரே பிடியாக நின்றுவிட்டாள்.

விளாங்குடி மண்டபத்துக்கு நானும் இன்னொருவரும் தாங்கிப் பிடித்துக் கூட்டிவந்தோம். நாற்காலியை வழக்கம்போல மேளத்தின் பக்கம் திருப்பச் சொன்னார். வழக்கம்போலக் கைகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். முகூர்த்தம் நெருங்கியபோது, அன்றைக்கும் வாசிக்க வந்திருந்த முத்தையா தவிலை இறக்கி வைத்துவிட்டு எழுந்து வந்தார்.

"அண்ணே, கைய வெளிய எடுங்க. இன்னைக்கு அய்யரு சொன்னாலும் நான் அடிக்க மாட்டேன். நீங்க விரலத் தூக்குனாத்தான் அடிப்பேன்."

"வேணாம்ப்பா, பழையபடி எதாச்சும் ஆயிரும்."

"ஆகட்டும்ணே. உங்க கைதான."

அண்ணன் என்னைப் பார்த்தார். நாற்காலியை மேடையின் பக்கம் திருப்பச் சொன்னார். அவர் மேளத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்ததை அன்றுதான் பார்த்தேன். தாலி கவிதாவின் கழுத்துக்குப் போகும்வரை பொறுத்திருந்து, ஊசி குத்திக் குத்தித் தடித்துப்போன அந்தக் கையைத் தூக்கினார். மெல்ல மேலே போனது விரல். முத்தையா அடித்த அடியில் மண்டபம் அதிர்ந்தது. அண்ணன் கையை இறக்கவே இல்லை. அழுதுகொண்டிருந்தார். நானும்தான்.

கவிதாவின் போன் வந்த அன்று நான் அண்ணன் வீட்டுக்குப் போனபோது குளிப்பாட்டிக் கிடத்தியிருந்தார்கள். முத்தையா வெறுங்கையோடு வந்து காலடியில் நின்றுகொண்டிருந்தார். வழக்கப்படி கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டியிருந்தார்கள். அதையே வெகுநேரம் பார்த்தவர் என் காதோரம், "இம்புட்டு இறுக்கமாக் கட்டியிருக்க வேணாம்ணே" என்றார்.

போன முகூர்த்தத்தில் பரவையில் ஒரு கல்யாணம். எனக்கு ராகமும் தெரியாது, தாளமும் தெரியாது. ஒரு நாற்காலியை இழுத்து மேளத்தின் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தேன். தவில் முத்தையாதான். நிமிர்ந்து பார்த்தார். என் கைகள் தாமாகவே கக்கத்துக்குள் போய்விட்டன.